அரை மைலில் கடல்

போன வாரம் இரண்டு இளம் ஆசிரியர்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். ஒருவருக்குச் சொந்த ஊர் செட்டியார்பட்டி. மற்றவர் கான்சாபுரத்துக்காரர், பாதி வழி நடையும் பாதி வழி பஸ்ஸுமாக வந்திருந்தார். ஒவ்வொரு பள்ளியும் தன் ஊருக்கு ஏற்ற பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்திருக்கிறதாம். சுதந்திரம் வந்த பிறகு எல்லாவற்றையும் புதிதாக யோசிக்கிறார்கள் என்று கான்சாபுரத்துக்காரர் பெருமையோடு சொன்னார். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார்கள். "ஐயாகிட்ட பழைய மாதிரி ஏதாவது இருந்தாக் குடுங்க. பள்ளிக்கூடத்துப் பேரை மட்டும் மாத்தி எழுதிக்கிடுதோம்" என்றார் செட்டியார்பட்டிக்காரர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. காபி கொடுத்தேன், மாதிரி கொடுக்கவில்லை. கிழவனுக்கு ஓய்வு பெற்ற பிறகு கிறுக்குப் பிடித்துவிட்டது என்று போகும் வழியில் பேசியிருப்பார்கள். பேசட்டும். கோபத்துக்குக் காரணம் ஒரு நாலாம் வகுப்புப் பரீட்சை. அதை இங்கே எழுதி வைக்கிறேன். அவர்கள் திரும்பி வந்தால் இதைக் கொடுப்பதாக இருக்கிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரும்பலகையில் கோணாமல் கோடு போடக் கற்றுக்கொண்டேன். விடுதிச் சோறு சுமார். ராஜபாளையத்துக்கு ரயில் வந்த புதிதில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கி, ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியராகச் சேர்ந்தேன். பள்ளி வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை. அய்யனார் கோவில் பக்கம் மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் வரும். கிழக்கே பார்த்தால் கரிசல் மண்ணும் பருத்தியும். கண் போகும் தூரம் வரைக்கும் அதுதான்.

எங்கள் தலைமையாசிரியர் பெயர் ஞானாபரணம். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், ஒல்லியான ஆள், கோட்டுப் பொத்தானை வெயில் காலத்திலும் கழுத்து வரை போடுவார். அவருடைய கையெழுத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆசிரியர்கள் வருவார்கள். எழுத உட்கார்ந்தால் முதலில் ஸ்கேல் வைத்து மார்ஜின் போடுவார். பிறகு பேனா நிப்பை ஒரு பழைய துணியில் மூன்று தடவை துடைப்பார். அவர் எழுதி முடிக்கிற வரை ஆபீஸ் அறைக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஓர் எழுத்துத் தவறினால் அடிக்க மாட்டார்; முழுத் தாளையும் கிழித்து, நாலாக மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வார். அந்தத் தாள்களை என்ன செய்தார் என்பது கடைசி வரை எனக்குத் தெரியாது. பள்ளியின் ரிஜிஸ்தர்களில் ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. அதுதான் அவருடைய பெருமை.

சேர்ந்த முதல் வாரம் நாலாம் வகுப்பின் பாடத்திட்டத்தை என் கையில் கொடுத்தார். சிலபஸ் என்றுதான் அப்போது சொல்வோம். அழகான எழுத்து. ஒவ்வொரு தாளின் அடியிலும் டிப்டி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் முத்திரை. பூகோளப் பகுதியில், 'நமது சூழ்நிலை' என்ற தலைப்பின் கீழ் முதல் வரி இது: நமது ஊருக்குக் கிழக்கே அரை மைலில் கடல் உள்ளது.

நான் வாசலுக்குப் போய்க் கிழக்கே பார்த்துவிட்டு வந்தேன். ஊருக்குப் புதியவன், ஒருவேளை நான்தான் கவனிக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம்.

விஷயம் இதுதான். நான் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு இதே போல ஒரு தாக்கீது வந்திருக்கிறது. அதுவரை எந்தப் பாடம், எத்தனை நாள் என்று மேலிருந்தே பட்டியல் வரும். இனிப் பள்ளிகள் தங்கள் சூழ்நிலையை ஒட்டித் தாங்களே சிலபஸ் எழுதி, இரண்டு பிரதி அனுப்பி, டிப்டியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். பயந்துபோன ஞானாபரணம் ஐயா, கடற்கரை ஊர் ஒன்றில் இருந்த ஒரு பள்ளியின் சிலபஸுக்கு நல்ல பேர் என்று கேள்விப்பட்டு அதை வரவழைத்தார். பள்ளியின் பெயரை மாற்றினார். மற்றதை ஓர் எழுத்து விடாமல் தன் கையால் எழுதி அனுப்பினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த டிப்டி அந்தக் கையெழுத்தைப் பார்த்துச் சொக்கிப்போய் முத்திரை குத்திவிட்டார். அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகள் கடற்கரையில் வாழ்ந்தார்கள்.

நான் போய்க் கேட்டேன். ஐயா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"கடலு இல்லைன்னு எனக்கும் தெரியும்வே. ஆனா கவர்மென்டு முத்திரை விழுந்திருக்கு. நீரு கடலை எடுக்கணும்னா முத்திரையையும் சேத்துல்லா எடுக்கணும்."

எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் விளக்கினார். புதிய சிலபஸ் அனுப்பி, அது ஒப்புதலாகி வரும் வரை பள்ளிக்கு ஒப்புதல் பெற்ற சிலபஸே இருக்காது. அந்த நேரம் பார்த்து டிப்டி வந்து நின்றால் பள்ளியின் அங்கீகாரத்துக்கே ஆபத்து. ஆகவே கடல் இருந்துவிட்டுப் போகட்டும். அது யாரை என்ன செய்கிறது என்று கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

ஆகவே நானும் கடல் நடத்தினேன். முறை இப்படி. ஒரு பெரிய மரத்தட்டில் மணலைப் பரப்புவது. மேற்கே மணலைக் குவித்தால் மலை. நடுவில் தீப்பெட்டிகள் வைத்தால் ஊர். கிழக்கு ஓரத்தில் சலவைக்குப் போடும் நீலப்பொடியைத் தூவினால் கடல். பிள்ளைகள் சுற்றி நின்று சத்தமாகச் சொல்வார்கள்: கிழக்கே கடல், தூரம் அரை மைல், மக்களின் தொழில் மீன் பிடித்தல், ஏறிச் செல்வது கட்டுமரம், கிடைப்பவை மீனும் உப்பும். யாரும் சிரித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்வது ஒன்று, ஊரில் இருப்பது ஒன்று என்பது அவர்களுக்கு எட்டு வயதிலேயே பழகியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இரண்டாம் வருடத்தில் எனக்கும் பழகிவிட்டது.

இப்படிச் சில வருடங்கள் போன பிறகு குருவம்மா நாலாம் வகுப்புக்கு வந்தாள்.

அவளுடைய அம்மா பேச்சியம்மாள் காட்டு வேலைக்குப் போகிறவள். அப்பா பஞ்சாலையில் பொதி தூக்குகிறவர். பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்பது அவர் கட்சி. தாயும் தகப்பனும் சண்டை போட்டு ஓர் உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள்: தேறிக்கொண்டே போகும் வரை பள்ளிக்கூடம், ஒரு வகுப்பில் தங்கினாலும் மறுநாளே காடு. இதைப் பேச்சியம்மாளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். குருவம்மா கணக்கில் கெட்டி. வாசிப்பு தெளிவு. அதனால் நான் கவலைப்படவில்லை.

ஆனால் மாசி மாதம் பருத்தி வெடித்துவிட்டது. வெடித்த பருத்தி காத்திருக்காது. மூன்று வாரம் குருவம்மா அம்மாவோடு பருத்தி எடுக்கப் போய்விட்டாள். அந்த மூன்று வாரத்தில்தான் நான் வகுப்பில் கடல் நடத்தி முடித்தேன். அவள் திரும்பி வந்ததும் அதைத் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கணக்கில் கெட்டியான பிள்ளைதானே என்று விட்டுவிட்டேன்.

வருடப் பரீட்சைக்கு டிப்டி நேரில் வந்தார். சதைப்பிடிப்பான மனிதர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பூகோளத்துக்கு வாய்மொழிப் பரீட்சை. பத்துக் கேள்வி, ஐந்து சரியானால் தேர்ச்சி. சிலபஸைப் பார்த்துக் கேள்வி கேட்பது நான். மார்க் போடுவதும் நான். டிப்டி பக்கத்தில் உட்கார்ந்து சிலபஸின் வரிகளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக மணல் தட்டுக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

குருவம்மா முதல் நாலு கேள்விக்கும் டக் டக்கென்று சரியாகச் சொன்னாள். ஜில்லா, தாலுகா, மலை, ஆறு. இன்னும் ஒன்று போதும்.

ஊருக்குக் கிழக்கே என்ன இருக்கிறது என்றேன். பருத்திக்காடு என்றாள். டிப்டியின் விரல் 'கடல்' என்ற சொல்லில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் சுழி போட்டேன்.

எவ்வளவு தூரம் என்றேன். அரை மைல் என்றாள். அம்மாவுக்குத் தினமும் கஞ்சி கொண்டு போகிறவள், அவளுக்குத் தெரியாதா? சிலபஸிலும் அரை மைல்தான். அப்பாடா என்று ஐந்தாவது மார்க்கை எழுதப் போனேன். டிப்டி கையைக் காட்டி நிறுத்தினார். கேள்வி கடலின் தூரத்தைப் பற்றியது, பிள்ளை சொன்னது காட்டின் தூரம், ஆகவே தவறு என்றார். நியாயமாகத்தான் பேசினார். நான் சுழி போட்டேன்.

அங்குள்ள மக்களின் தொழில்? பருத்தி எடுப்பார்கள். எதில் ஏறிப் போவார்கள்? நடந்துதான் போவார்கள். அங்கே கிடைப்பவை இரண்டு? பருத்தியும் அடுப்புக்குப் பருத்திமாரும். அவள் ஒரு பதிலுக்கும் யோசிக்கவில்லை. கடைசிக் கேள்வி, மணல் தட்டில் கடலைத் தொட்டுக் காட்ட வேண்டும். கையைப் பிடித்து அந்த மூலையில் வைத்துவிடலாமா என்றிருந்தது. நீலப்பொடியை நோக்கிக் கண்ணைக் காட்டினேன். அவள் அதில் விரலை வைத்தாள். விரலை எடுத்துப் பார்த்தாள்.

"இது நீலம் ஐயா" என்றாள்.

கடல் என்று சொல்லாததால் டிப்டி அதற்கும் சுழி போட வைத்தார். பத்துக்கு நாலு. நாலாம் வகுப்பில் தங்கினாள். ஞானாபரணம் ஐயா அதை ரிஜிஸ்தரில் ஏற்றினார். எழுத்து வழக்கம்போல அழகாக இருந்தது.

கோடை விடுமுறை விட்டார்கள். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் பள்ளி வாசலிலிருந்து கிழக்கே நடக்க ஆரம்பித்தேன். ஒரு காலடி இரண்டரை அடி என்று வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே போனேன். ஆயிரத்து ஐம்பத்தாறு காலடியில் அரை மைல் முடிய வேண்டும். முடிந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் பருத்திக்காடு. கடைசி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாளும் குருவம்மாவும் மடியில் பருத்தியோடு நின்றார்கள்.

குருவம்மா என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அப்புறம் நிமிரவே இல்லை. பேச்சியம்மாள்தான் வந்தாள். கோபமாகப் பேசுவாள் என்று நினைத்தேன். சந்தேகம் கேட்கிறவளைப் போலத்தான் கேட்டாள்.

"ஐயா, பன்னெண்டு வருசமா நான் இந்த எடத்துலதான் நிக்கேன். இது கடலுன்னா நான் இன்னேரம் முங்கில்லா போயிருக்கணும்? எம்மவ என்னய்யா தப்பாச் சொல்லிட்டா?"

ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை என்றேன். அப்படியென்றால் ஏன் தங்கப் போட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி வரும்போது காலடியை எண்ணவில்லை. இத்தனை வருடம் வாங்கிய சம்பளத்துக்கு நான் செய்த வேலை என்ன என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அன்றே எழுத உட்கார்ந்தேன். பத்து நாள் ஆயிற்று. ஒன்றாம் வகுப்புக்குப் பள்ளி இருக்கிற தெரு. இரண்டாம் வகுப்புக்குக் கண்மாயும் மடையும். மூன்றாம் வகுப்புக்குப் பருத்தி: விதைப்பிலிருந்து பொதி கட்டுவது வரை. நாலாம் வகுப்புக்கு மலையில் பெய்யும் மழை எந்த வழியாக எந்தக் கண்மாய்க்கு வருகிறது என்பது. பருத்தி எடுக்கும் மாதத்தில் புதுப் பாடம் எதுவும் நடத்துவதில்லை, நடத்தியதைத் திருப்பிப் பார்ப்பது மட்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். எழுதியதை ஞானாபரணம் ஐயாவின் மேஜையில் கொண்டு போய் வைத்தேன்.

அவர் இருபத்திரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். மார்ஜின் விடவில்லையே என்றார். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்றார். தாள்களைத் தட்டி அடுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் கடலைப் பாத்தது கெடையாதுவே. ஆனா எழுதயில நல்லாத்தான் இருந்துச்சு."

என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். மூன்றாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். என் சிலபஸ் முழுவதும் அவர் கையெழுத்தில், இரண்டு பிரதியாக, மார்ஜின் போட்டு மேஜைமேல் இருந்தது. இந்த லட்சணத்தில் அனுப்பினால் பள்ளியின் பெயர் என்ன ஆகும் என்று திட்டினார். அவர் ஒத்துக்கொண்டதற்கு வேறு அடையாளம் கிடையாது. கோட்டுப் பை மட்டும் புடைத்திருந்தது.

இருவரும் ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். ஐயா வழியெல்லாம் காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிப்டி சிலபஸை வாங்கி முதலில் கையெழுத்தை ரசித்தார். அப்புறம் படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிழக்கே கடல் இல்லை என்று எழுதிக் கொடுத்தால், இருக்கிறது என்று இத்தனை வருடமாக முத்திரை குத்தியவர் யார் என்று கேள்வி வருமே என்றார். வரும் என்றேன். அரை மைலில் இல்லாவிட்டாலும், போய்க்கொண்டே இருந்தால் அறுபது எழுபது மைலில் கடல் வரத்தானே செய்யும் என்றார். வரும் என்றேன். அப்படியானால் பழைய சிலபஸில் பிழை இல்லை, விவரம்தான் போதவில்லை என்று முடிவு செய்தார். தன் பேனாவாலேயே ஒரு வரியைத் திருத்தினார்: கிழக்கே அரை மைலில் பருத்திக்காடு, அதற்கும் அப்பால் கடல். ஜூன் மாதம் முதல் அமலுக்கு வரும் என்று முத்திரை குத்தினார். எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

நான் குருவம்மாவின் மார்க்கைப் பற்றிக் கேட்டேன். பரீட்சை நடந்த தேதியில் எந்த சிலபஸ் அமலில் இருந்ததோ அதன்படிதான் பதில் சரியா தவறா என்று பார்க்க முடியும்; அன்றைக்கு அந்தப் பிள்ளை சொன்னது தவறுதான் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லி வேலையை இழந்திருப்பேன். அதற்குள் அதுவரை வாயைத் திறக்காத ஞானாபரணம் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். பள்ளி திறக்கும் அன்று மறுபரீட்சை வைக்கத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் இருக்கிறது என்று, விதியின் எண்ணையும் சொன்னார். டிப்டி அதைப் புரட்டிப் பார்த்தார். இருந்தது.

அன்று மாலையே பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் வாசலில் நின்றார். அடுத்த வெள்ளாமைக்குக் களை எடுக்கக் குருவம்மாவுக்கும் சேர்த்துப் பேசி வைத்தாகிவிட்டது என்றார். இன்னும் ஒரே ஒரு தடவை பரீட்சைக்கு வரட்டும், தேறாவிட்டால் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர், "ஒரு தடவதான்" என்றார். பள்ளி திறக்கும் அன்று வெள்ளனவே அனுப்பச் சொல்லிவிட்டு, மனது நிறைந்து வீட்டுக்கு வந்தேன். பெரிய சாதனை செய்துவிட்ட மாதிரி இருந்தது.

பள்ளி திறந்த அன்று குருவம்மா எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு வந்து நின்றாள். ஐயாவும் நானும் மட்டும். மணல் தட்டில் இப்போது மணல் இல்லை, கரிசல் மண். நீலப்பொடியை நானே வழித்துத் தெருவில் கொட்டியிருந்தேன். ஜில்லா, தாலுகா, மலை, ஆறு என்று முதல் நாலும் சரியாகச் சொன்னாள். ஐந்தாவது கேள்வியை ஐயாவே கேட்டார். ஊருக்குக் கிழக்கே என்ன இருக்கிறது என்றார்.

"கடல் ஐயா."

ஐயா என்னைப் பார்த்தார். பிள்ளை நிறுத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பார்வையைச் சுவரில் வைத்து, மற்றப் பிள்ளைகள் சொல்வது போலவே ராகத்தோடு முழுதும் சொன்னாள். தூரம் அரை மைல். தொழில் மீன் பிடித்தல். ஏறிச் செல்வது கட்டுமரம். கிடைப்பவை மீனும் உப்பும். ஒரு சொல் பிசகவில்லை. கடைசியில் கடலைத் தொட்டுக் காட்டத் தட்டில் நீலத்தைத் தேடினாள். காணவில்லை என்றதும் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, முன்பு அது இருந்த மூலையை ஞாபகம் வைத்து, வெறும் கரிசல் மண்ணில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள்.

மீதிக் கோடை முழுவதும் காட்டு வேலைக்கு நடுவே, கூடப் படித்த பிள்ளையின் நோட்டை வாங்கி மனப்பாடம் செய்திருக்கிறாள். பாடம் மாறியதை நான் தலைமையாசிரியரிடம் சொன்னேன். டிப்டியிடம் சொன்னேன். இரண்டு பிரதி எழுதி முத்திரை வாங்கினேன். படிக்கிற பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புதிய சிலபஸ்படி பத்துக்கு நாலுதான். அதே நாலு. பேனாவைத் தொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐயா, "பத்துன்னு போடும்வே" என்றார். போட்டேன். அவர் ரிஜிஸ்தரை எடுத்து, நிப்பைத் துடைத்து, பழைய நாலை அடித்து, மேலே பத்து என்று எழுதினார். அந்த எழுத்து மட்டும் நன்றாக வரவில்லை. அவர் தாளைக் கிழிக்கவும் இல்லை.

குருவம்மா தேறிவிட்டாள் என்றேன். அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. சிலேட்டை எடுத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புக்குப் போக வாசல் வரை நடந்தாள். பிறகு ஏதோ மறந்துவிட்டது போலத் திரும்பி வந்து, ஐயாவுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டாள்:

"இந்த வருசம் எதுய்யா சொல்லணும்? கடலா, காடா?"